சமையல்காரரின் அம்மாவுக்கு மாத்திரை

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் உங்கள் மகளும்தான். போனில் பேசலாம் என்றால் வாலு அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நீங்களும் "அப்புறம் பேசலாம் அத்தை" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் என்றைக்கு வரும் என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். பன்னிரண்டாவது பரீட்சை முடிந்ததும் உங்களைப் போல ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கப் போகிறாளாம். என்னிடம் கேட்கவில்லை, அறிவிக்கிறாள். ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியிலிருந்து விண்ணப்பமும் வரவழைத்துவிட்டாள். பதினாலு பக்கம். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் இரண்டு. மே மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

இது மாடிப்படி ஏறுவதற்குள் மேல்வீட்டுப் பல் டாக்டரின் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "ஏம்மா, ஹெலிகாப்டர் ஓட்டுறவருக்கு மாசம் என்ன வரும்? பஸ் டிரைவரை விடக் கொஞ்சம் கூட இருக்குமா?" என்று கேட்டாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "உங்க வீட்டுக்காரர் வருஷம் பூரா பல்லாப் பிடுங்கினாலும் அந்தச் சம்பளம் எட்டாது" என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர எனக்கே தெரியாது. பதினெட்டு வருஷமாக உங்களைப் பற்றி ரேஷன் வரிசையிலும் பஸ்ஸிலும் பேசாத நாள் இல்லை. அந்த வேலைக்கு என்ன படிக்கணும், என்ன சம்பளம் என்று ஒருத்தி கேட்டால் பேந்தப் பேந்த முழிக்கிறேன்.

அதனால் எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். ஐந்தாவதோடு நின்றவளுக்குச் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள். பெரிய வார்த்தை போட்டால் வாலுவிடம் கேட்க வேண்டி வரும். அவள் ஒரு வார்த்தைக்கு ஒரு மணி நேரம் விளக்குகிறாள்.

உங்கள் விடுதிச் சமையல்காரரின் அம்மாவுக்கு மாத்திரை ஒரு மாதத்துக்கு வைத்திருக்கிறேன். நான் போடுகிற அதே சின்ன வெள்ளை மாத்திரை. மருந்துக்கடைக்காரர் "உங்களுக்கு எதுக்கும்மா டபுளா?" என்றார். "புண்ணியம் தேடுறேன்" என்றேன். போட்டவுடனே அந்த அம்மா சாப்பிட்டாக வேண்டும் என்று சொல்லுங்கள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்தவள் சொல்கிறேன், இந்த மாத்திரையை வெறும் வயிற்றோடு விட்டால் ஆளைச் சாய்த்துவிடும்.

உங்கள்
அத்தை


மார்ச் 14

அத்தைக்கு,

கடிதமும் மாத்திரையும் வந்தன. சமையல்காரர் நன்றி சொன்னார்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பன்னிரண்டாவதில் கணக்கும் இயற்பியலும் வேண்டும். அது பாப்பாவிடம் இருக்கிறது. அடுத்து மெடிக்கல். கண், காது, இதயம், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு முறை தேறினால் போதாது, வருஷா வருஷம் தேற வேண்டும். நாற்பது தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏதோ ஒரு நாள் டாக்டர் தலையை ஆட்டிவிட்டால் அன்றைக்கே வேலை போச்சு. முந்தின நாள் வரை எவ்வளவு நன்றாக ஓட்டினாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பிறகு எழுத்துத் தேர்வுகள். வானிலை, சட்டம், எஞ்சின், திசை பார்ப்பது. அதன் பிறகுதான் பறப்பது. லைசென்ஸ் வாங்க நூற்றைம்பது மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவில் நீங்கள் ஒரு மாத வாடகை கொடுக்கலாம். மொத்தமாகப் பார்த்தால் ஒரு சின்ன வீட்டின் விலை.

லைசென்ஸ் வாங்கிவிட்டால் வேலை கிடைக்கும் என்று பாப்பா நினைத்துக்கொண்டிருப்பாள். கிடைக்காது. கம்பெனிகள் ஆயிரம் மணி கேட்கும். வேலை இல்லாமல் ஆயிரம் மணி எங்கிருந்து வரும்? புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். நான் மூன்று வருஷம் அப்படிக் கிடந்தேன். ஓடுபாதைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, மூன்று பேர். இன்டர்வியூவுக்குப் போட மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல ஷூ. என் கால் சின்னது, காகிதம் அடைத்துக்கொண்டு போனேன்.

சம்பளம். பல் டாக்டரின் மனைவி சொன்னது முதல் ஐந்து வருஷத்துக்குச் சரிதான், சில மாதம் பஸ் டிரைவரை விடக் குறைவு. இப்போது கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதால் நல்ல சம்பளம். உங்களுக்கு அனுப்புவதைப் போல மூன்று பங்கு. அதில் ஒரு பங்கு பாப்பாவின் படிப்புக்கென்று பாங்கில் சேர்கிறது. ஆனால் இதெல்லாம் பறக்கிற வரைக்கும்தான். பறக்காத பைலட்டுக்குச் சம்பளம் இல்லை.

அவளை இதில் விட எனக்கு விருப்பம் இல்லை. கையெழுத்துப் போடப் போவதில்லை. வேறு என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும். காரணம் கேட்காதீர்கள்.

மாத்திரை அடுத்த முறையும் அதே அளவு போதும் என்று சமையல்காரர் சொன்னார்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 25

மாப்பிள்ளைக்கு,

காரணம் கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன உங்கள் ஹெலிகாப்டரா, திருப்பின பக்கம் திரும்ப?

நீங்கள் தகரக் கொட்டகையில் கிடந்ததை எழுதினீர்கள், ஷூவை எழுதினீர்கள். அந்த மூன்று வருஷமும் டெலிபோன் ஆபீஸில் காது வலிக்க வலிக்க உட்கார்ந்து சம்பாதித்து உங்களுக்கு அனுப்பியது யார் என்று எழுத மறந்துவிட்டீர்கள். என் மகள். வயிற்றில் வாலுவை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். "அவரு ஒரு நாள் பெரிய மெஷின் ஓட்டுவாரும்மா" என்பாள். நான் ஒரு நாளாவது "இதெல்லாம் தேறுமா?" என்று கேட்டிருப்பேனா? அவள் காய்ச்சலில் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் அந்த இரண்டு இடத்திலும் அவளே கையெழுத்துப் போட்டிருப்பாள், உங்களைக் கேட்டிருக்கவும் மாட்டாள்.

பெண் பிள்ளை என்பதாலா? அப்படியென்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், நான் சண்டை போட வசதியாக இருக்கும்.

அவள் எப்படிப் பழகுகிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையில் குழம்புக் கரண்டி, வலது கையில் துடைப்பக் கட்டை, காலுக்குக் கீழே என்னுடைய பழைய செருப்பு இரண்டு. கரண்டியைத் தூக்கினால் மெஷின் மேலே போகுமாம், கட்டையைச் சாய்த்தால் அந்தப் பக்கம் போகுமாம், செருப்பை மிதித்தால் மூக்கு திரும்புமாம். "நாலும் ஒரே நேரத்துல வேற வேற வேலை பண்ணணும் பாட்டி. ஒண்ணை அசைச்சா மத்த மூணும் கலைஞ்சுடும்" என்றாள். "அதுக்குப் பேரு குடும்பம்டி" என்றேன். கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கரண்டி வேண்டியிருந்தது, அதனால்தான் சொன்னேன்.

உங்களிடம் சொல்லாமல் போன வாரம் மெடிக்கலுக்கும் போய்விட்டு வந்தாள். கண் சுத்தம், காது சுத்தம், இதயம் கடிகாரம் மாதிரி இருக்கிறதாம். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று டாக்டர் கேட்டாராம். "பாட்டிக்கு உண்டு" என்றாளாம். "அப்பாவுக்கு?" "அப்பா பைலட், சார்." டாக்டர் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தில் 'இல்லை' என்று டிக் போட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

காரணத்தை எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி அங்கே வந்து, உங்கள் மேலதிகாரி முன்னால் உட்கார்ந்து கேட்பேன்.

அத்தை


ஏப்ரல் 6

அத்தைக்கு,

பெண் பிள்ளை என்பதால் இல்லை. இங்கே இருக்கிற பைலட்டுகளில் காற்றை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் ஒரு பெண்தான்.

காரணம் வேண்டும் என்றீர்கள். ஒன்றைச் சொல்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள், பாப்பா கண்ணில் பட வேண்டாம்.

போன வாரம் மேடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒன்பது பேர், இரண்டு வாரம் வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர்கள். காலையில் சமையலறை திறக்கத் தாமதமானதால் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். மேடையில் ஏதோ பெட்டி வர வேண்டும் என்று ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். கரை தெரிகிற தூரத்தில் எனக்கு வியர்த்தது. அந்த உயரத்தில் குளிரத்தான் வேண்டும், எனக்குச் சட்டை நனைந்தது. கை நடுங்கியது. எதிரே இருக்கிற முள்ளைப் பார்க்கிறேன், அது எதைக் காட்டும் முள் என்று மறந்துவிட்டது. இருபது வருஷமாகப் பார்க்கிற முள். பக்கத்தில் இருந்த துணை பைலட் ஏதோ கேட்டான். வார்த்தை கேட்கிறது, அர்த்தம் வரவில்லை. "சார், நான் எடுத்துக்கிறேன்" என்று அவன் வாங்கிக்கொண்டான். அவன்தான் இறக்கினான்.

வெயிலும் பசியும். வேறொன்றும் இல்லை. ஒரு டீயும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. அவன் நல்லவன், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்த வேலை ஆளை எப்படித் தின்னும் என்று இப்போதாவது தெரிகிறதா? என் மகள் அந்த இடத்தில் உட்கார வேண்டாம். அவ்வளவுதான்.

மாத்திரையைக் கொஞ்சம் முன்னதாக அனுப்ப முடியுமா? சமையல்காரரின் அம்மாவுக்குத் தீர்ந்துகொண்டிருக்கிறதாம்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 13

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பயந்தேன். இரண்டாம் தடவை, இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. மூன்றாம் தடவை படிக்கும்போது எங்கே என்று ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு கண்டக்டர் இருந்தார். இதே சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, மகள் சாப்பாடு கொண்டுவருவாள் என்று காத்திருந்தார். பஸ் கிடைக்காமல் அவள் தாமதமாகிவிட்டாள். குளிர்காலத்தில் அவர் சட்டை நனைந்தது. கையில் டம்ளரை வைத்துக்கொண்டே "இது என்னது?" என்று என்னைக் கேட்டார். நான் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தேன். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, மகளைத் திட்டினார்.

நேற்று வாலு விண்ணப்பத்தின் பதினோராம் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும் மாத்திரை எடுக்கிறவர்கள் பறக்கக் கூடாது என்று அதில் போட்டிருக்கிறது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் என் கண்ணைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சமையல்காரருக்கு அம்மா இருக்கிறாளா?

பதினாலு மாதமாக என் கையால் வாங்கி, என் கையால் பொட்டலம் கட்டி அனுப்பினேன். முகம் தெரியாத ஒரு கிழவிக்கு நல்லது செய்கிறேன் என்று மனசுக்குள் ஒரு மிதப்பு வேறு. பரிசோதனை இல்லாமல், டாக்டர் சீட்டு இல்லாமல், என் அளவு மாத்திரையை உங்களுக்கு நானே ஊட்டியிருக்கிறேனா?

பொட்டலம் இந்த முறை வராது. ஆனால் இருக்கிற மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், அதுவும் ஆபத்து. டாக்டரிடம் போங்கள். போகிற வரைக்கும் பறக்காதீர்கள்.

உடனே பதில் எழுதுங்கள். போன் வேண்டாம்.

அத்தை


ஏப்ரல் 21

அத்தைக்கு,

சமையல்காரரின் அம்மா அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டாராம். நான் இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. போன வருஷம் லீவில் வந்தபோது, உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் கொடுத்தேன். அடிக்கடி தாகம் எடுத்தது, அதனால்தான். சர்க்கரை என்றார்கள். இங்கே மருந்துக்கடையில் ஒரு தலைவலி மாத்திரை வாங்கினால்கூடக் கம்பெனி டாக்டருக்குத் தெரிந்துவிடும். உங்கள் பீரோ மேல் உங்கள் மாத்திரை இருந்தது. அப்படித்தான் சமையல்காரருக்கு ஓர் அம்மா கிடைத்தாள்.

ஆறு மாத மெடிக்கலுக்கு முன்னால் ஒரு மாதம் ஓடுகிறேன், பாதிப் பட்டினி கிடக்கிறேன், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். இரண்டு முறை தேறிவிட்டேன்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அன்றைக்கே லைசென்ஸை நிறுத்துவார்கள். சம்பளம் நிற்கும். அப்புறம் பாப்பாவை எதை வைத்துப் படிக்க வைப்பது? யோசித்துப் பாருங்கள் அத்தை. அவள் ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்க வேண்டும் என்றால் நான் பறக்க வேண்டும். நான் பறக்க வேண்டும் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவள் விண்ணப்பத்திலேயே அப்பாவின் உடல்நிலை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குக் கீழேதான் என் கையெழுத்து. மகள் காகிதத்தில் பொய் எழுதக் கை வரவில்லை. அதுதான் நீங்கள் கேட்ட காரணம்.

இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள். அவள் வேறு ஏதாவது படிப்பில் சேரட்டும், நானே ஏதாவது சொல்லி விலகிவிடுகிறேன். இப்போது பாக்கெட்டில் பிஸ்கட் வைத்துக்கொண்டுதான் ஏறுகிறேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளை பைலட், மாப்பிள்ளை பைலட் என்று பதினெட்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி என்னை மேலேயே நிறுத்திவைத்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. நான் இறங்கி வந்தால் உங்களாலும் தாங்க முடியாது.

மாப்பிள்ளை


ஏப்ரல் 29

மாப்பிள்ளைக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டு அடிக்கிற அடியெல்லாம் அடித்திருக்கிறீர்கள். சரி, வலித்தது. பொய் இல்லை என்பதால் வலித்தது. வார்டில் பெட்பான் கழுவிக்கொண்டே உங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். "இந்த அம்மாவோட மாப்பிள்ளை பைலட்டாம்" என்று பெரிய டாக்டர்களே என்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார்கள். அந்தப் பெருமையில்தான் என் முதுகு நிமிர்ந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் ஒன்பது பேர் என்று எழுதினீர்களே, அவர்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த ஒன்பது பேரில் பாதிப் பேருக்காவது ஒரு மாமியார் இருப்பாள். அவளும் எங்கேயாவது வரிசையில் நின்று, மாப்பிள்ளை கடலில் வேலை பார்க்கிறார் என்று பீற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? உங்கள் ஆளைக் கொண்டுவந்தவருக்கு மாத்திரை கொடுத்தது நான்தான் என்றா?

பாக்கெட்டில் பிஸ்கட் என்கிறீர்கள். டம்ளரைப் பார்த்து இது என்னது என்று கேட்டவருக்கு அவர் பாக்கெட்டில் பிஸ்கட் இருப்பது தெரியவா போகிறது?

எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர் எனக்குப் பழக்கம். பெயர் சொல்லாமல் கேட்டேன். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஆளைச் சாய்க்காதாம். சாய்க்காத வகையும் இருக்கிறதாம். ஒழுங்காகச் சொல்லி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொண்டே பறக்கிற பைலட்டுகளும் உண்டாம். "யாராயிருந்தாலும் முதல்ல சொல்லச் சொல்லுங்கம்மா" என்றார். பதினாலு மாதத்துக்கு முன்னால் வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் பயமில்லாமல் பறந்துகொண்டிருப்பீர்களோ என்னவோ. என் மாத்திரை உங்களைக் கெடுத்துவிட்டது.

உங்கள் கம்பெனி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். எப்போதும் வாலு என் எழுத்துப் பிழையைத் திருத்துவாள். இதை அவளிடம் காட்ட முடியாது. பிழையோடுதான் இருக்கிறது, ஆனால் விஷயம் பிழையில்லை. உறையில் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். மே பத்தாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் நீங்களாகப் போய்ச் சொன்னால் அதைக் கிழித்துவிடுவேன். இல்லாவிட்டால் பெட்டியில் போடுவேன்.

நீங்களாகவே போக வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

அத்தை


மே 9

அத்தைக்கு,

இன்று ஒன்பதாம் தேதி. பத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

உங்கள் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. நாலாம் தேதி விடுமுறை கேட்டு வாங்கினேன், பறக்கவில்லை. அன்று முழுக்க அறையில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று எழுதி எழுதிப் பார்த்தேன். ஐந்தாம் தேதி காலையில் சாப்பிட்டுவிட்டு, சீருடை போடாமல், சாதாரணச் சட்டையில் டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

"உட்காருங்க. உங்களைக் கூட்டிவரத்தான் ஆள் அனுப்பினேன்" என்றார். மேசை மேல் உங்கள் கையெழுத்து. கட்டம் போட்ட நோட்டுத் தாள் நாலு பக்கம். முதல் நாள் மாலைத் தபாலில் வந்ததாம்.

நானாகத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவர் நம்பினார். என் பாக்கெட்டில் இருந்த காகிதத்தையும் வாங்கிப் படித்தார். ஆனால் அறிக்கையில் என்ன எழுத முடியும்? "குடும்பத்தினர் கொடுத்த தகவலின்பேரில் தெரியவந்தது." அப்படித்தான் ஏறியிருக்கிறது. தானாகச் சொன்னவனுக்கு ஒரு விசாரணை, மாட்டிக்கொண்டவனுக்கு வேறு விசாரணை. எனக்கு இரண்டாவது. மாத்திரையை மாற்றிவிட்டார். உடம்பைப் பொறுத்தவரை ஆறு மாதத்தில் திரும்பவும் பார்க்கலாமாம். மறைத்ததற்கு எவ்வளவு காலம் என்று அவருக்கே தெரியாது. ஒரு வருஷம் ஆகலாம். திரும்பக் கொடுக்காமலும் போகலாம்.

இப்போது பயணிகள் கூடத்தில் நிற்கிறேன். ஏறப்போகிறவர்களையும் அவர்கள் பையையும் எடை பார்த்து எழுதுவது வேலை. பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. துணை பைலட் பாவம், சொல்லாமல் இருந்ததற்கு அவனையும் இரண்டு மாதம் நிறுத்திவிட்டார்கள். விடுதியில் என்னைக் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்கிறான். நான் குனிய வேண்டியதை அவன் குனிகிறான்.

இவ்வளவையும் தாங்கிக்கொள்வேன். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. பத்தாம் தேதி என்று எழுதினீர்கள். உங்கள் வார்த்தை என்று நம்பினேன். நான் பதினாலு மாதம் பொய் சொன்னேன். நீங்கள் ஒரு முறைதான் சொன்னீர்கள், அதுவும் சரியாக இந்த இடத்தில்.

பாப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வராது. விண்ணப்பத்தின் கையெழுத்துப் பக்கங்களை அனுப்பினால் போட்டுத் தருகிறேன். உண்மையை எழுதிப் போடுகிறேன்.

மாப்பிள்ளை


மே 18

மாப்பிள்ளைக்கு,

ஆமாம். பொய்தான் சொன்னேன்.

நீங்களாகவே போக வேண்டும் என்று எழுதியபோது மனசார எழுதினேன். பத்தாம் தேதி வரை பொறுப்பேன் என்றுதான் நினைத்தேன். உங்களுக்கு எழுதிய கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனேன். போகிற வழியில், இந்தப் பதினோரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குவார் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது. வீட்டுக்குத் திரும்பி வந்து டாக்டர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் ஒன்றாகப் போட்டேன். உங்களுக்கு எழுதியதில் தேதியை மாற்றியிருக்கலாம். ஒட்டியதைப் பிரிக்க மனசு வரவில்லை என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில், டாக்டருக்கு எழுதிப் போட்டுவிட்டது தெரிந்தால் நீங்கள் போக மாட்டீர்களோ என்று பயந்தேன். நீங்கள் ஐந்து நாள் முன்னதாகவே போவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு குறைவாக உங்களை எடை போட்டுவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். போட்டதற்குக் கேட்க மாட்டேன். இன்னொரு தடவை அந்தப் பெட்டி முன்னால் நின்றாலும் போடத்தான் செய்வேன்.

டாக்டருக்கு இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன். நான் பத்தாம் தேதி என்று கெடு வைத்ததையும், நான் ஏற்கெனவே எழுதிப் போட்டது உங்களுக்குத் தெரியாது என்பதையும், தெரியாமலே நீங்கள் ஐந்தாம் தேதி வந்ததையும் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அறிக்கையில் ஏறுமோ ஏறாதோ. விசாரணைக்கு வரச் சொன்னால் வந்து சொல்கிறேன்.

வாலுவிடம் சொல்லிவிட்டேன். ஸ்டூலில் உட்கார வைத்து, முதலிலிருந்து, மாத்திரையிலிருந்து சொன்னேன். முடித்ததும் எழுந்து போய் விண்ணப்பத்தை எடுத்தாள். டாக்டர் 'இல்லை' என்று டிக் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் 'அப்பாவுக்கு உண்டு' என்று எழுதித் தேதி போட்டாள். பாங்கில் சேர்ந்தது பயிற்சிக்குப் போதாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதே பள்ளியில் எஞ்சின் ரிப்பேர் படிப்பு இருக்கிறதாம், அதற்கும் இதே விண்ணப்பம்தானாம், சின்னச் சம்பளம் கொடுத்தே எடுப்பார்களாம். "முதல்ல கழட்டி மாட்டக் கத்துக்கிறேன், ஓட்டுறது அப்புறம்" என்று என்னிடம் இல்லை, சுவரிடம் சொன்னாள். கையெழுத்துப் பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன்.

என்னிடம் அவள் பேசி ஐந்து நாள் ஆகிறது. அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்ற கோபமா, இவ்வளவு நாள் தெரியாமல் இருந்தேனே என்ற கோபமா, தெரியவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள், கழுவி வைக்கிறாள், போய்விடுகிறாள்.

நேற்று மட்டும் கதவருகே நின்று ஒன்று கேட்டாள். "பாட்டி, அன்னைக்கு உள்ளே இருந்த ஒன்பது பேருக்கும் என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? அப்பா அவங்ககிட்ட சொல்லிட்டாரா?"

எனக்குத் தெரியாது என்றேன். "அவங்களை அவர்தானே இப்ப எடை பார்க்கிறாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. எனக்கு எழுத வேண்டாம். என் பெயருக்கு வந்தால் நான் படித்துவிட்டு அவளுக்குப் பக்குவமாகச் சொல்லப் பார்ப்பேன், அந்தப் பக்குவம் இனி வேண்டாம். உறையின் மேல் அவள் பெயரை எழுதுங்கள். நான் பிரிக்க மாட்டேன்.

முதலில் சாப்பிடுங்கள். அப்புறம் உட்கார்ந்து எழுதுங்கள்.

அத்தை